தேகுவில் ஆங்கில ஆசிரியர் வேலை: உரிமையாளரிடம் சொல்வது பற்றி

வணக்கம். தென்கொரியாவின் தேகு நகரில் தனியார் ஆங்கிலப் பயிற்சி நிலையத்தில் சேரவிருக்கும் நீங்கள், தன்பாலீர்ப்பாளர் என்பதை உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அங்கே பாகுபாட்டுக்கு எதிரான பொதுச் சட்டம் இன்னும் இல்லை. மனித உரிமை ஆணையத்தால் பரிந்துரைக்க மட்டுமே முடியும். வெளிநாட்டு மொழி ஆசிரியர்களுக்கான உங்கள் இ-2 விசாவோ அந்த வேலையோடு பிணைக்கப்பட்டது. ஆசிரியர் அறையில் "காதலி இருக்கிறாளா?" என்று முதல் வாரத்திலேயே கேட்கக்கூடும், அது அங்கே சாதாரண விசாரிப்புதான், "இல்லை" என்றால் போதும், அது பொய்யும் அல்ல.

துணைவரையும் அழைத்துச் செல்வதானால் அவருக்குத் தனி விசா தேடுங்கள்: 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் துணைக்கு மருத்துவக் காப்பீட்டு உரிமை தந்ததே தவிர, திருமணத்தை அங்கீகரிக்கவில்லை. தயவுசெய்து தனிமையில் முடங்கிவிடாதீர்கள். அதிவேக ரயிலில் சியோல் ஏறத்தாழ இரண்டு மணி நேரம்தான், அங்கே தன்பாலீர்ப்பாளர்கள் கூடும் இரண்டு பகுதிகள் உண்டு: இதேவோன் மதுக்கூடங்களில் ஆங்கிலமே போதும், ஜொங்னோவில் கொஞ்சம் கொரிய மொழி தேவைப்படும்.