விடிலிப் புகையும் பிஎச்டி முடித்த பாப்பாவும்

போன வாரம் சாயல்குடிப் பக்கமிருந்து ஒரு அண்ணனும் மைனியும் மகளைக் கூட்டிக்கொண்டு என்னிடம் யோசனை கேட்க வந்தார்கள். கருப்பட்டி வியாபாரம். பாப்பா புள்ளியியலில் பிஎச்டி முடித்து வாய்மொழித் தேர்வும் ஆகிவிட்டது. இப்போது சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில், இதய நோய், நுரையீரல் நோய் எபிடெமியாலஜி பிரிவில் இரண்டு வருட போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பயிற்சி, கிடைத்திருக்கிறது. வீட்டில் ஒரே ரகளை. "டாக்டர் பட்டம் வாங்கின பிறகும் படிப்பா? வர்ற ஆவணியில் 28 முடியுது" என்று அப்பத்தா அழுகை. தாய்மாமனோ ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர் இடம் பேசி வைத்திருக்கிறார், 35 லட்சம், முன்பணம் 10. ரோட்டோரக் காட்டை விற்றால் ஆச்சு என்கிறார்.

டீ வரும்வரை நானும் "எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். 35 லட்சம் என்றதும் நிறுத்திவிட்டேன். அவர்களிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன், இதே நிலையில் வேறு வீடுகளும் இருக்கும்.

அண்ணே, அந்தப் பணத்துக்கு ரசீது கிடையாது. வேலை கிடைக்காவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? லஞ்சம் கொடுத்தேன் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பீர்களா? எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படி முன்பணம் கொடுத்து ஆறு வருடமாக அலைகிறது, காடும் போச்சு, இடமும் இல்லை. இதில் நான் இறங்கி வரப்போவதில்லை. பி.எட்., பேங்க் பரீட்சை, டிஎன்பிஎஸ்சி பற்றியும் பேசப் போவதில்லை, அதை டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள்.

போஸ்ட்டாக் படிப்பு இல்லை. பரீட்சை இல்லை, பட்டம் இல்லை, முக்கியமாகக் கட்டணம் இல்லை. மாதாமாதம் அவர்கள்தான் உதவித்தொகை தருவார்கள். போஸ்ட்டாக் வாங்கித் தருகிறேன் என்று எவனாவது காசு கேட்டால் அந்த நம்பரை பிளாக் பண்ணிவிடுங்கள். பிஎச்டி முடித்தவர் ஒரு மூத்த ஆராய்ச்சியாளரிடம் இருந்து, சொந்தமாக ஓர் ஆய்வை நடத்தக் கற்றுக்கொள்ளும் காலம் அது. 2018ஆம் ஆண்டு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிகளில் உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்கு ஆள் வடிகட்டும் பட்டியலில் போஸ்ட்டாக் அனுபவத்துக்கு வருடத்துக்கு 2 மதிப்பெண் வைத்திருக்கிறார்கள். ஆக, மச்சான் சொல்லும் நாற்காலிக்கும் இது வழிதான், காட்டை விற்காத வழி.

சரி, எபிடெமியாலஜி என்றால் என்ன? டாக்டர் ஒரு நோயாளியைப் பார்ப்பார், இவர்கள் யாருக்கு நோய் வருகிறது, ஏன் வருகிறது என்று ஒரு ஊரையே பார்ப்பார்கள். அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948இல் தொடங்கி 5,209 பேரைச் சேர்த்து வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள், பிறகு அவர்கள் பிள்ளைகளை, பேரப்பிள்ளைகளை. ரத்தக்கொதிப்பும் கொலஸ்ட்ராலும் மாரடைப்புக்கு வழி என்று இன்று நாம் சாதாரணமாகப் பேசுவதற்குப் பெரிய ஆதாரம் அங்கிருந்துதான் வந்தது. அவ்வளவு தூரம் ஏன், காசநோய்க்காரர்களை சானடோரியத்தில் (காசநோய் மருத்துவமனையில்) வைக்காமல் வீட்டிலேயே மருந்து கொடுத்தாலும் குணமாகும் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது மெட்ராஸ். நாகப்பட்டினம், விழுப்புரம் பக்கம் கர்ப்பிணிகளுக்கு கேஸ் அடுப்பு கொடுத்து, விறகுப் புகை குறைந்தால் குழந்தையின் எடை கூடுமா என்று பார்த்தார்கள், நான்கு நாடுகளில் சேர்ந்து நடந்த ஆய்வு அது. புகை குறைந்தது, எடையில் பெரிய வித்தியாசம் வரவில்லை. நாம் எதிர்பார்த்தது வராவிட்டாலும் வந்ததை அப்படியே எழுத வேண்டும், இந்தத் தொழிலில் அதுதான் கஷ்டம்.

இவ்வளவு நேரமும் பாப்பா வாயே திறக்கவில்லை. உனக்கு என்னம்மா ஆசை என்றேன். பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். பனை சீசனில் விடிலி விடிலியாக, அதாவது பதநீர் காய்ச்சும் குடிசை ஒவ்வொன்றாக, போய் எழுதியிருக்கிறாள். பதநீர் காய்ச்சும் 14 பெண்கள், தினம் எத்தனை மணி நேரம் அடுப்படியில், என்ன விறகு, ஓலை எரிப்பார்களா, மூச்சு வாங்குமா. அந்தக் கடைசிக் கேள்விக்கு நேரே ஒருவருக்கு "தண்ணிக்குடத்தோடு நடந்தால் மட்டும்" என்று இருந்தது. அது யார் என்று கேட்டேன். மைனி முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

அப்புறம் அவள் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. "சார், இந்தக் கணக்கு தப்பு. மூச்சு முட்டி விடிலியை விட்டுப் போனவங்க இதில் இல்லை. இருக்கிறவங்களை மட்டும் எண்ணினால் புகை ஒண்ணும் செய்யலைன்னு வந்துடும்." எபிடெமியாலஜி வகுப்பில் நடத்துகிற பாடம் இது, யாரும் சொல்லித்தராமல் கண்டுபிடித்திருக்கிறாள். இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய் 35 லட்சத்துக்கு ஒரு வருகைப்பதிவேட்டின் முன்னால் உட்கார வைப்பீர்களா?

குறையையும் சொல்லிவிடுகிறேன். இது ஒப்பந்த வேலை, பென்ஷன் கிடையாது, உதவித்தொகை சில சமயம் மூன்று மாதம் சேர்த்து வரும். அதனால் ஆறு மாதச் சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் கையில் பணம் வைத்துக்கொண்டு அனுப்புங்கள், அதற்குமேல் ஒரு ரூபாய் வேண்டாம். வெளிநாட்டு ஆசை பிறகு வந்தால் ஒன்று தெரிந்திருக்கட்டும்: அமெரிக்க அரசின் பயிற்சி மானிய இடங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாகத் தங்கும் உரிமை (கிரீன் கார்டு) உள்ளவர்களுக்கும்தான். நம் பிள்ளைகள் பெரும்பாலும் பேராசிரியர்களின் சொந்த ஆய்வு மானியத்தில்தான் போகிறார்கள், விண்ணப்பம் எழுதும்போதே அதைக் கேட்டு எழுத வேண்டும். கல்யாணத்தை நான் தடுக்கவில்லை அண்ணே. மாப்பிள்ளை வீட்டில் இது ஒப்பந்த வேலை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், அதற்கு முகம் சுளிப்பவர்கள் அப்போதே போகட்டும்.

மச்சானுக்கு இன்றைக்கே போன் போட்டு முன்பணம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அப்புறம், திங்கட்கிழமை மைனியை ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பீடி தொட்டதில்லை, சளிதான் என்று இத்தனை வருடம் சிரப்பிலேயே ஓட்டியிருக்கிறீர்கள். ஊதிப் பார்க்கும் பரிசோதனை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். மூக்கில் கிளிப் போட்டு, மூச்சை முழுக்க இழுத்து, ஒரே மூச்சில் குறைந்தது 6 விநாடி ஊதச் சொல்வார்கள். முதல் விநாடியில் வெளியே வருவது ஊதிய மொத்தக் காற்றில் எழுபது சதவீதத்துக்குக் கீழே போனால் மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது என்று சந்தேகப்படுவார்கள். கூட பாப்பா போகட்டும்.