'1000 வாட்' விளக்கும் ஒல்லித் தண்டும்

கேள்வி: ஜன்னல் இல்லாத அறையில் புதினா வளர்க்க ஊதா வெளிச்சம் தரும் விளக்கு வாங்கினேன். பெட்டியில் '1000 வாட், முழு நிறமாலை' என்று போட்டிருந்தது. இரண்டு மாதமாகத் தண்டு மட்டும் ஒல்லியாக நீள்கிறது, இலை சிறுத்து வெளுக்கிறது. உரம் போட்டும் பலனில்லை. விளக்கு போலியா?

பதில்: போலி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பெட்டி உங்களிடம் பாதியை மறைத்திருக்கலாம். விளக்கின் முதுகிலோ அடாப்டரிலோ ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைப் பாருங்கள். வாட் போடாமல் வோல்ட், ஆம்பியர் மட்டும் இருந்தால் இரண்டையும் பெருக்குங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றால் அந்த அடாப்டர் தரக்கூடியது 24 வாட்தான். பெட்டியில் இருக்கும் 1000, பெரும்பாலும் 'பழைய விளக்கில் இத்தனை வாட்டுக்குச் சமம்' என்று விற்பவரே போட்டுக்கொண்ட கணக்கு. 'சமம்' என்ற சொல் எங்காவது எறும்பு சைஸில் இருக்கும், தேடுங்கள்.

வாட் சரியாகவே இருந்தாலும் அது விளக்கு தின்னும் மின்சாரம், இலைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் அல்ல. லூமெனும் கைகொடுக்காது. அது மனிதக் கண்ணுக்கான அளவு. 555 நானோமீட்டர் பச்சை நம் கண்ணுக்குத்தான் பளிச். செடி 400 முதல் 700 நானோமீட்டர் வரையுள்ள ஒளித்துகள்களைப் பிடித்து, அந்தச் சக்தியில் தண்ணீரைப் பிளந்து, கரியமில வாயுவைச் சர்க்கரையாக மாற்றுகிறது. அதற்கு எத்தனை துகள் விழுகிறது என்பதுதான் கணக்கு. ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது: "பிபிஎஃப்டி (PPFD) எவ்வளவு? எத்தனை சென்டிமீட்டர் தூரத்தில் அளந்தது?" ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு விழும் துகள்களை மைக்ரோமோல் என்ற எண்ணிக்கை அலகில் சொல்வது அது. உச்சிவெயிலில் சுமார் 2000 வரும். தூரத்தைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொன்னால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. சின்ன பல்பை 30 சென்டிமீட்டரிலிருந்து 60-க்குத் தூக்கினால் இலைக்குக் கிடைப்பது ஏறக்குறைய கால் பங்காகிவிடும்.

நம்பிக்கை வரவில்லையா? மீன்தொட்டிப் பாசி ஹைட்ரில்லாவின் தண்டு ஒன்றை நறுக்கி, வெட்டிய முனை மேலே வரும்படி கண்ணாடி டம்ளர் தண்ணீரில் முக்கி, ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டு விளக்கருகே வையுங்கள். சிறிது நேரத்தில் வெட்டுவாயிலிருந்து ஆக்சிஜன் குமிழி ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். ஒரு நிமிடம் எண்ணுங்கள். விளக்கைத் தள்ளி வைத்து மறுபடி எண்ணுங்கள். பெட்டி சொல்லாததைக் குமிழி சொல்லிவிடும்.

ஊதா நிறத்துக்கு வருவோம். 1882-இல் எங்கெல்மன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து ஒரு பாசி இழைமேல் விழவைத்தார். ஆக்சிஜனைத் தேடி ஓடும் பாக்டீரியாக்கள் சிவப்பிலும் நீலத்திலும் மொய்த்தன. ஊதா விளக்குகளுக்குப் பூர்வகதை அதுதான். ஆனால் 1972-இல் மெக்கிரீ என்ற தாவர விஞ்ஞானி பல பயிர்களின் இலைகளை அளந்தபோது, பச்சை ஒளியும் கணிசமாகப் பயன்படுவது தெரிந்தது. என்னைக் கேட்டால் வெள்ளை எல்இடியே போதும். ஊதா வெளிச்சத்தில் இலை வெளுப்பதும் பூச்சி அடிப்பதும் கண்ணுக்கே தெரியாது.

உரம் ஏன் பலிக்கவில்லை? எது மிகக் குறைவோ அதுதான் வேகத்தைக் கட்டிப்போடும் என்று பிளாக்மேன் என்ற தாவர விஞ்ஞானி 1905-லேயே சொல்லிவிட்டார். தண்டு நீள்வது வெளிச்சப் பசி. அதை உரத்தால் தீர்க்க முடியாது. வெளிச்சம் சரியான பிறகு தண்ணீர் குறைந்தால் இலைத்துளை மூடிக்கொள்ளும், கரியமில வாயு உள்ளே போகாது. வெப்பம் மிஞ்சினால் அந்த வாயுவைப் பிடிக்கும் நொதி அதற்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு வேலையைக் கெடுக்கும்.

இப்போதைக்கு விளக்கை இலை சுடாத அளவுக்குக் கீழே இறக்கி, டைமர் போட்டு 14 மணி நேரம் எரியவிடுங்கள். ஸ்டிக்கரும் பெட்டியும் முரண்பட்டால் இரண்டையும் ஒரே படத்தில் எடுத்து, பில்லோடு எழுத்திலேயே பணம் கேளுங்கள்.

கேள்வி: 'இரவிலும் ஆக்சிஜன் தரும்' என்று ஸ்னேக் பிளான்ட் விற்கிறார்கள். படுக்கையறைக்கு வாங்கலாமா?

பதில்: செடியை வாங்கலாம், வாசகத்தை வேண்டாம். ஸ்னேக் பிளான்ட், கற்றாழை போன்றவை ஈரத்தை மிச்சப்படுத்த இரவில் இலைத்துளையைத் திறந்து, கரியமில வாயுவை உள்ளிழுத்து மாலிக் அமிலமாகச் சேர்த்து வைக்கின்றன. பகலில் துளையை மூடிக்கொண்டு அதைச் சர்க்கரையாக்குகின்றன. விளம்பரக்காரர்கள் இந்த 'இரவில்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். ஆக்சிஜன் வருவதோ தண்ணீர் பிளவுபடுவதிலிருந்து, அதற்கு வெளிச்சம் வேண்டும். விளக்கணைத்த அறையில் எந்தச் செடியும் ஆக்சிஜன் தராது. செடி இரவில் நம் ஆக்சிஜனைத் திருடிவிடும் என்ற பயமும் வீண், அது எடுப்பது அற்பம்.

'காற்றைச் சுத்திகரிக்கும்' என்ற கதையும் அப்படித்தான். 1989-இல் நாசா சோதித்தது காற்றுப் புகாத பெட்டிக்குள். பழைய சோதனைகளை 2019-இல் தொகுத்துக் கணக்கிட்டபோது, சாதாரணக் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடி வரை தேவை என்று வந்தது. அப்புறம் கட்டில் போட இடமிருக்காது.

கேள்வி: இலை மஞ்சளாகிறது. 'பச்சையம் பெருக்கும்' திரவம் வாங்கட்டுமா?

பதில்: முதலில் எந்த இலை என்று பாருங்கள். நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் மஞ்சளானால் மெக்னீசியக் குறையாக இருக்கலாம். பச்சைய மூலக்கூறின் நடுவில் இருப்பதே மெக்னீசியம்தான். அதே மாதிரி குருத்திலைகளில் வந்தால் இரும்பைச் சந்தேகியுங்கள். திரவத்தின் லேபிளில் அந்தச் சத்தின் பெயரும் அளவும் இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மண் சதா ஈரமாக இருந்து வேர் அழுகினாலும் இலை மஞ்சளாகும், அதற்குத் தண்ணீரை நிறுத்துவதுதான் மருந்து.