நண்பருக்கு ஒரு குல்லா: பின்னல் கேள்வி – பதில்

கம்பளிக் குல்லா பின்னுவது குறித்துக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ஓர் ஆசையைப் பற்றியே பேசின: நண்பருக்கும் பிடிக்க வேண்டும், அவர் விரும்பிப் பார்க்கும் தொடரும் அதில் தெரிய வேண்டும். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கல்லூரி நாட்களிலிருந்து நாங்கள் நால்வர். ஞாயிறுதோறும் ஒன்றாக அமர்ந்து ஆங்கில, கொரியத் தொடர்கள் பார்ப்போம். ஜனவரியில் மூணாறு போகும்போது ஒவ்வொருத்திக்கும் அவளுக்குப் பிடித்த கதாபாத்திரத்தை நினைவூட்டும் குல்லாவைப் பின்னிக் கொடுக்க நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?
– வாசகி, கோயம்புத்தூர்

நிறத்திலிருந்து தொடங்குங்கள், முகத்தை வரைந்து பார்க்கும் ஆசையைச் சற்றுத் தள்ளி வையுங்கள். 1997இல் தொடங்கிய ‘சவுத் பார்க்’ கார்ட்டூன் தொடரில் சிறுவர்களின் முகம் ஏறக்குறைய ஒரே வட்டம்தான். அவர்களைப் பிரித்துக் காட்டுபவை குல்லாக்களே: ஸ்டானுக்கு நீலக் குல்லாவில் சிவப்பு விளிம்பும் சிவப்புக் குஞ்சமும், கார்ட்மனுக்குப் பசுநீலக் குல்லாவில் மஞ்சள் விளிம்பும் மஞ்சள் குஞ்சமும், கைலுக்குக் காதுமடல் வைத்த பச்சைத் தொப்பி. இரண்டு நிறங்களும் ஒரு வடிவமும் சேர்ந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது. அதற்கு மேல் நீங்கள் சேர்க்கும் ஒவ்வொன்றும் அடையாளத்தைக் கலைக்கத்தான் செய்யும் என்பது என் கருத்து.

1966இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘தி மங்கீஸ்’ தொடரில் நடித்த மைக்கேல் நெஸ்மித், கண்ணில் முடி விழாமலிருக்க ஒரு கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டுதான் நடிகர் தேர்வுக்கே வந்தார். பச்சைக் குல்லாவே தொடரில் அவருடைய அடையாளமாகிப்போனது. அதைப் பின்ன விரும்புகிறவருக்கு வேண்டியவை சரியான பச்சையும் ஒரு குஞ்சமும் மட்டுமே.

தொடரைப் பற்றிய பாதி இவ்வளவுதான். தோழியைப் பற்றிய மறுபாதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அவள் எப்போதும் கொண்டை போடுகிறவளா? அப்படியானால் உச்சியை மூடாமல், ஒரு கொண்டை நுழையும் அளவுக்கு வட்டத் திறப்பு விட்டு முடியுங்கள். கண்ணாடி அணிகிறவளா? காதுமடல் வைத்த குல்லா கண்ணாடியின் காம்பை அழுத்தும். பத்து நிமிடத்தில் கழற்றிப் பையில் போட்டுவிடுவாள். நெற்றியில் எதுவும் பட்டால் பிடிக்காதவளுக்கு விளிம்பைக் குட்டையாக வைக்க வேண்டும். பெரு நாட்டின் டிட்டிகாக்கா ஏரியிலுள்ள டக்கீலே தீவில் குல்லா பின்னுவது ஆண்களின் வேலை. ஒருவனுடைய குல்லாவின் நிறத்தையும் வேலைப்பாட்டையும் கொண்டே அவன் மணமானவனா இல்லையா என்று ஊரார் அறிந்துகொள்வார்கள். அந்தத் தீவின் துணிக்கலையை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் சிறந்த மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. குல்லா அதை அணிபவரைப் பற்றித்தான் பேச வேண்டும் என்பதை அந்தத் தீவுக்காரர்கள் தொலைக்காட்சி வருவதற்கு வெகுகாலம் முன்பே முடிவு செய்துவிட்டார்கள்.

தோழிக்குத் தெரியாமல் பின்னுகிறேன். தலையளவை எப்படித் தெரிந்துகொள்வது? எத்தனை கண்ணி ஏற்ற வேண்டும்?
– வாசகி, கோத்தகிரி

அவரிடம் ஸ்கூட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். ஹெல்மெட்டின் உட்புறத்திலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் சீட்டில் 560, 580, 600 என்று மில்லிமீட்டரில் அளவு போட்டிருப்பார்கள். அதுதான் தலைச் சுற்றளவு. ஹெல்மெட் இல்லாவிட்டால், வளர்ந்த பெண்களில் பலருக்கு 54 முதல் 57 சென்டிமீட்டருக்குள் இருக்கும் என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

குல்லாவைத் தலையளவுக்கே பின்னினால் அது நழுவிக் கண்ணை மறைக்கும். சுமார் 5 சென்டிமீட்டர் குறைத்துப் பின்ன வேண்டும். நூல் இழுபட்டுத் தலையைப் பிடித்துக்கொள்ளும். ஹெல்மெட் சீட்டில் 560 என்று இருந்தால் குல்லாவின் சுற்றளவு 51 சென்டிமீட்டர். இனி, கண்ணிகளை (ஊசியில் விழும் நூல் வளையங்களை) எண்ணிப் பார்க்க ஒரு மாதிரித் துண்டு. எட்டு இழை நூலையும் 4 மில்லிமீட்டர் ஊசியையும் எடுத்து, சுமார் 30 கண்ணிகள் ஏற்றி ஒரு சதுரம் பின்னி, நனைத்து உலர்த்தி, நடுப்பகுதியில் 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணிகள் வருகின்றன என்று எண்ணுங்கள். பெரும்பாலும் 22 வரும். 51ஐ 2.2ஆல் பெருக்கினால் 112 சொச்சம்; 112 ஏற்றுங்கள். இந்த எண்ணில் ஒரு வசதி உண்டு. இது நான்கால் வகுபடுவதால் விளிம்புக்கு இரண்டு நிட் (நேர்க்கண்ணி), இரண்டு பர்ல் (மறுபக்கக் கண்ணி) என்று மாறி மாறி வரும் ரிப், அதாவது இழுபட்டு மீளும் வரிப் பின்னல், பிசிறில்லாமல் அமையும். எட்டால் வகுபடுவதால் உச்சியை 14 கண்ணிகள் கொண்ட எட்டுப் பங்காகப் பிரித்துக் குறைக்கலாம்.

விளிம்பிலிருந்து 14 சென்டிமீட்டர் போல நேராக ஏறிய பிறகு ஒவ்வொரு பங்கின் முடிவிலும் இரண்டு கண்ணிகளைச் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். முதலில் ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று குறையுங்கள். பங்குக்கு ஏழு கண்ணிகள் ஆனதும் ஒவ்வொரு சுற்றிலும் குறையுங்கள். கடைசியில் ஊசியில் எட்டுக் கண்ணிகள் நிற்கும். நூலை ஒரு சாண் விட்டு வெட்டி, அந்த எட்டுக்குள்ளும் நுழைத்து இறுக்கி, முனையை உட்பக்கம் இழுத்து மறைத்துவிடுங்கள். மாதிரித் துண்டில் 22க்குப் பதில் 20 வந்தால் அதே கணக்கை 2 என்ற எண்ணால் போடுங்கள். 102 வரும், 104 ஆக்கிக்கொள்ளுங்கள். மாதிரித் துண்டே பின்னாமல் நேரே 112 ஏற்றுகிறேன் என்று எழுதியிருக்கும் மற்றொரு வாசகியின் துணிச்சலை மெச்சுகிறேன். ஆனால் அந்தக் குல்லாவை யார் தலையில் வைப்பது என்பதை அவர் பின்னி முடித்த பிறகுதான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

நண்பனுக்குப் பிடித்த கதாநாயகனின் முகத்தைக் கட்டத்தாளில் வரைந்து குல்லாவில் பின்னினேன். முகம் நசுங்கித் தெரிகிறது. குல்லாவும் அந்த இடத்தில் சுருங்கிவிட்டது. ஏன்?
– வாசகர், டொராண்டோ

உங்கள் கடிதத்தில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன.

முகம் நசுங்கியதற்குக் காரணம் கட்டத்தாள். பள்ளிக் கட்டத்தாளில் கட்டம் சதுரம். பின்னலில் ஒரு கண்ணி உயரத்தைவிட அகலம் அதிகம். 10 சென்டிமீட்டர் சதுரத்தில் 22 கண்ணிகள் இருந்தால் வரிசைகள் ஏறத்தாழ 30 இருக்கும். எனவே 22க்கு 22 கட்டத்தில் வரைந்த வட்ட முகம் பின்னும்போது 10 சென்டிமீட்டர் அகலமும் 7 சென்டிமீட்டர் சொச்சம் உயரமுமாகப் பூசணிக்காய் போல உட்கார்ந்துவிடும். 22 கட்ட அகலத்துக்கு 30 கட்ட உயரம் வைத்து, தாளில் முகம் நீண்டு அசிங்கமாகத் தெரியும்படி வரையுங்கள். ஊசியில் சரியாக வரும்.

குல்லா சுருங்கியதற்குக் காரணம் உட்பக்கத்தில் ஓடும் நூல். இரண்டு நிறங்களில் பின்னும்போது பயன்படாத நிறம் பின்னால் இழையாகத் தொடர்ந்து வருகிறது. அதை இறுக்கிப் பிடித்தால் துணி மடியும். நிறம் மாற்றும் ஒவ்வொரு முறையும் வலது ஊசியிலுள்ள கண்ணிகளைச் சற்று அகலமாகப் பரப்பிவிட்டு அடுத்த கண்ணியைப் பின்னுங்கள். ஐந்து கண்ணிகளுக்கு மேல் இழை நீண்டால் நடுவில் ஒரு முறை பின்னும் நூலோடு முறுக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் குல்லாவை மாட்டும்போது விரல் அதில் சிக்கும். நிறம் மாற்றும் பகுதிக்கு மட்டும் கால் அல்லது அரை மில்லிமீட்டர் பெரிய ஊசி எடுப்பதும் உதவும்.

ஆனாலும் முகம் வேண்டாம் என்றே சொல்வேன். வட்ட ஊசியில் (வளையும் கம்பியால் இணைந்த இரு முனை ஊசியில்) குழாய் போலச் சுற்றிச் சுற்றிப் பின்னும் குல்லாவில் ஒரே ஓர் இடத்தில் படம் வைத்தால், அந்த நிறத்து நூலை மீதிச் சுற்று முழுவதும் வீணாகச் சுமந்து செல்ல வேண்டும். சுற்றிலும் திரும்பத் திரும்ப வரும் சிறிய உருவம்தான் இந்த முறைக்கு இசைவானது. 2021இல் வந்த ‘ஸ்குவிட் கேம்’ கொரியத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். காவலர்களின் இளஞ்சிவப்பு உடையும் முகமூடியில் வட்டம், முக்கோணம், சதுரமும். ஆட்டக்காரர்களின் பச்சை உடையும் வெள்ளை எண்ணும். இளஞ்சிவப்புக் குல்லாவில் அந்த மூன்று வடிவங்களும் ஒரு பட்டையாகச் சுற்றி வந்தால், தொடரைப் பார்த்தவர் தெருமுனையிலிருந்தே கண்டுகொள்வார். பச்சைக் குல்லாவில் கதாநாயகனின் 456 என்ற எண் மட்டும் வேண்டுமானால், ஒரே நிறத்தில் குல்லாவை முடித்துவிட்டு, எண்ணை மேலே நிட் போலத் தைத்துவிடலாம். மழுங்கிய முனை ஊசியில் வெள்ளை நூலைக் கோத்து, V வடிவில் தெரியும் கண்ணியின் அடிமுனையில் மேலே எடுத்து, அதற்கு மேலுள்ள கண்ணியின் இரு கால்களுக்கும் பின்னால் குறுக்காக விட்டு, மறுபடி அதே அடிமுனையில் உள்ளே இறக்குங்கள். பின்னிய கண்ணியின் மேல் இன்னொரு கண்ணி படுத்துக்கொள்ளும். பிடிக்காவிட்டால் பிரித்துவிடலாம், குல்லாவுக்குச் சேதமில்லை.

‘ஃபயர்ஃபிளை’ தொடரில் ஜெயின் அணியும் காதுமடல் குல்லாவை நண்பர்களுக்குப் பின்னிக் கொடுத்தேன். எல்லோரும் கேட்பதால் இணையத்தில் விற்கலாமா?
– வாசகி, லண்டன்

2002இல் வந்த அந்த அமெரிக்க விண்வெளித் தொடரில் முரடனான ஜெயினுக்கு அவன் அம்மா தபாலில் அனுப்பும் ஆரஞ்சு, மஞ்சள் குல்லா அது. அவன் கூச்சமே இல்லாமல் உடனே தலையில் மாட்டிக்கொள்வான். வீட்டில் பின்னியது என்பதே அதன் பெருமை என்பதால், தொடர் நின்ற பிறகும் ரசிகர்கள் தம் கையாலேயே பின்னினார்கள், விற்கவும் செய்தார்கள். 2013இல் உரிமம் பெற்ற ஆலைக் குல்லா சந்தைக்கு வந்தபோது, கையால் பின்னி விற்றவர்களில் பலருக்கு தொடரின் உரிமையாளரான ஃபாக்ஸ் நிறுவனத்தின் தரப்பிலிருந்து விற்பனையை நிறுத்தச் சொல்லிக் கடிதங்கள் போயின. 2008இல் பிபிசியும் தன்னுடைய ‘டாக்டர் ஹூ’ அறிவியல் புனைவுத் தொடரின் உயிரினங்களுக்குப் பின்னல் குறிப்பு எழுதி இணையத்தில் இலவசமாகப் போட்ட ஒரு ரசிகையிடம் அவற்றை நீக்கச் சொன்னது.

நண்பருக்குப் பரிசாகக் கொடுத்த குல்லாவைத் தேடி நோட்டீஸ் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. விற்பனை என்றால் கதை வேறு. தொடரின் பெயர், கதாபாத்திரத்தின் பெயர், சின்னம் ஆகியவற்றை விளம்பரத்தில் போடுவதுதான் பெரும்பாலும் வம்பை விலைக்கு வாங்குவது. கடை திறக்கும் முன் அங்குள்ள ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

ஒரு குல்லாவுக்கு எவ்வளவு நூல் வாங்குவது?
– வாசகி, சேலம்

எட்டு இழை நூலில் 100 கிராம் தாராளம், குஞ்சத்துக்கும் மிஞ்சும். ஒரே சாயத் தொகுதி எண் உள்ள உருண்டைகளாகப் பார்த்து வாங்குங்கள். எண் மாறினால் நிறத்தில் வேறுபாடு வரலாம். மிஞ்சிய நூல் பற்றி ஒரு கதை உண்டு. 1974இல் ‘டாக்டர் ஹூ’வில் நாயகனாக நடித்த டாம் பேக்கருக்காக ஒரு கழுத்துத்துண்டு வேண்டியிருந்தது. உடை வடிவமைப்பாளர் ஜேம்ஸ் அச்சிசன், நிறம் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும் என்று நிறைய நூலை பெகோனியா போப் என்ற பின்னல்காரரிடம் கொடுத்தார். அவரோ கொடுத்தது முழுவதையும் பின்னிவிட்டார். தரையைத் தொடும் அந்த நீளத் துண்டு அப்படித்தான் பிறந்தது.

என் தோழிக்குப் புற்றுநோய் சிகிச்சை தொடங்கியிருக்கிறது. அவளுக்கு ஒரு குல்லா பின்ன விரும்புகிறேன். நாங்கள் இருவரும் சேர்ந்து பார்க்கும் தொடரின் நினைவாக அது இருக்க வேண்டும். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகி, சென்னை

முதலில் அவரிடமே கேளுங்கள். இந்த ஒரு குல்லாவை மட்டும் திடீர்ப் பரிசாக வைத்துக்கொள்ள வேண்டாம். சிலருக்குத் துப்பட்டாவே போதும். சிலருக்கு எதுவும் வேண்டாம்.

வேண்டும் என்றால், கம்பளியைத் தவிருங்கள். முடி உதிர்ந்த தலையின் தோல் எளிதில் எரியும், அரிக்கும். சென்னை வெயிலில் வியர்க்கவும் செய்யும். மெல்லிய பருத்தி நூலோ மூங்கில் நூலோ எடுத்து, கடையில் உருண்டையைக் கழுத்தின் பக்கவாட்டில் ஒரு நிமிடம் தேய்த்துப் பாருங்கள். அங்கே உறுத்தினால் தலையிலும் உறுத்தும். பருத்தி கம்பளி போல மீளாது. அதனால் இறுகப் பின்னித் தலையைப் பிடிக்க வைக்கும் கணக்கு இங்கே பொருந்தாது. முடி போன பிறகு தலைச் சுற்றளவும் சற்றுக் குறையும். அப்போதைய அளவிலிருந்து 2 சென்டிமீட்டர் மட்டும் குறைத்தால் போதும். காதோரமும் பிடரியும் மறையும்படி வழக்கத்தைவிட ஓரிரு சென்டிமீட்டர் ஆழம் கூட்டுங்கள். தைத்துச் சேர்க்கும் மூட்டு தலைக்கு நேராக வரக் கூடாது என்பதால் வட்ட ஊசியிலேயே பின்னுங்கள். முடிச்சுகளை வெளிப்பக்கம் கொண்டுவந்து விளிம்பு மடிப்புக்குள் மறையுங்கள்.

இரு நிறப் பின்னல் உள்ளே இழைகளை விடும் என்பதால் இதற்கு ஏற்றதல்ல. தொடரின் நினைவை அகலக் கோடுகளாகக் கொடுங்கள்: அதில் அவருக்குப் பிடித்த கதாபாத்திரத்தின் உடை நிறங்கள் இரண்டு போதும். மென்மையான சோப்பில் ஒரு முறை அலசி, வாசனைத் திரவம் எதுவும் சேர்க்காமல் கொடுங்கள். சிகிச்சைக் காலத்தில் வாசனையே சிலருக்குக் குமட்டும். இரண்டாகப் பின்னிவிடுவது நல்லது, ஒன்று துவைக்கும் கூடையில் இருக்கும்.

தோழியின் ஆறு மாதக் குழந்தைக்குக் காதுமடலும் கட்டும் கயிறும் பெரிய குஞ்சமும் வைத்துப் பின்னலாமா?
– வாசகி, நுவரெலியா

காதுமடல் வைக்கலாம். கயிறு வேண்டாம், அது கழுத்தைச் சுற்றிக்கொள்ளும். குஞ்சமும் வேண்டாம், அதிலிருந்து உதிரும் இழை வாய்க்குள் போகும். தூங்கும் குழந்தையின் தலையில் குல்லாவை விட்டுவைக்கவும் கூடாது. அம்மாவுக்கு அதே நிறத்தில், அந்தப் பெரிய குஞ்சத்தோடு ஒன்று பின்னிக் கொடுத்துவிடுங்கள்.