சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டு அறையில் மரவேலை செய்யும்போது தூசியை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: நாலறை வீட்டில் ஒரு படுக்கையறையைப் பட்டறையாக வைத்திருக்கிறேன். சாண்டர் (உப்புத்தாள் மாட்டித் தேய்க்கும் கருவி), சர்க்குலர் சா (வட்ட ரம்பம்), ரவுட்டர் (மரத்தில் பள்ளம் குடையும் கருவி) உண்டு. வேக்குவம் ஓடியும் கூடத்து டிவி வரை மாவுமாதிரி தூசி படிகிறது. பெரிய டஸ்ட் கலெக்டர் வாங்கலாமா?

வேண்டாம். 100 மிமீ குழாய் போட்ட கலெக்டர் டேபிள் சா, பிளேனர் மாதிரி ஓரிடத்தில் நிற்கும் இயந்திரங்களுக்கானது. காற்றை ஏராளமாக நகர்த்தும், ஆனால் அழுத்தி இழுக்காது. அதன் வாயைக் குறுக்கி சாண்டரில் மாட்டினால் காற்று பேருக்குத்தான் வரும். கைக்கருவிகளுக்கு வேக்குவம்தான் சரி. உங்களிடம் கோளாறு பெரும்பாலும் மோட்டாரில் இல்லை, ஃபில்டரில்.

இரவில் விளக்கை அணைத்துவிட்டு வேக்குவத்தை ஓடவிடுங்கள். காற்று வெளியேறும் வாய்க்குக் குறுக்கே டார்ச் அடித்துப் பாருங்கள். ஒளியில் துகள் மின்னினால், முன்னால் இழுத்ததைப் பின்னால் ஊதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கூடவே வரும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் சுருளைப் பிடிக்கும், மாவைப் பிடிக்காது. ஹெபா ஃபில்டர் போடுங்கள் (0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதம் நிற்கும்). உள்ளே துணிப்பையும் போடுங்கள், இல்லாவிட்டால் ஹெபா சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். கழுவலாம் என்று எழுதியிருந்தாலொழிய அதைக் கழுவாதீர்கள். கழுவினாலும் இந்த ஊர் ஈரத்தில் ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். ஈரமாக மாட்டினால் மரத்தூள் பசையாகிப் பூசணம் பிடிக்கும்.

அடுத்து சைக்ளோன். வேக்குவத்துக்கு முன்னால், 20 லிட்டர் பெயிண்ட் வாளி மூடியில் பொருத்தும் கூம்பு. தூள் சுழன்று வாளியில் விழும், நுண்தூசி மட்டும் ஃபில்டருக்குப் போகும். 'சைக்ளோன் வேலையே செய்யவில்லை' என்பவர்களின் வாளியைப் பார்த்தால் முக்கால்வாசிப் பேருக்கு மூடி ஒழுகும். அடியில் நுழையும் காற்று, விழுந்த தூளை மறுபடி கூம்புக்குள் தூக்கிக்கொண்டு போய்விடும். வாளி காலியாக, சுத்தமாக இருக்கும்போது வேக்குவத்தை ஓடவிட்டு, மூடி விளிம்பைச் சுற்றி ஒரு விரல் தள்ளி ஊதுபத்தியைக் கொண்டுபோங்கள். புகை எங்கே உள்ளே வளைகிறதோ அங்கே ஒழுகல். கதவிடுக்குக்கு ஒட்டும் ஃபோம் பட்டை போதும். தூள் இருக்கும்போது இந்த ஊதுபத்திச் சோதனையைச் செய்யவே கூடாது, பொறி விழும்.

மெல்லிய வாளி, குழாய் அடைத்த நொடியில் டப்பென்று உள்வாங்கி நசுங்கும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வாளி போடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் கொட்டிவிடுங்கள், அதற்குமேல் சுழல் காற்று கீழே இருப்பதைக் கிளறும். குழாய் 3 மீட்டருக்குள் இருக்கட்டும். கருவியின் வாயும் குழாயும் பொருந்தாவிட்டால் சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி மாட்டுங்கள். அடாப்டர் தேடி ஜாலான் புசார் கடைகளில் அலைவதைவிட அது மேல்.

சாண்டரில் உப்புத்தாளின் ஓட்டைகள் பேடின் (தாள் ஒட்டும் அடித்தட்டின்) ஓட்டைகளோடு நேராக இருக்கவேண்டும். வலைபோல் நெய்த உப்புத்தாள் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. வேக்குவத்தை முழு வேகத்தில் வைத்தால் சாண்டர் பலகையோடு ஒட்டிக்கொண்டு சுருள் கீறல் விழும், பாதியாகக் குறையுங்கள். ரவுட்டரை எந்தக் குழாயாலும் முழுசாக அடக்க முடியாது. பெரிய பிளைவுட், எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகைகளைக் கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்குங்கள். இழைப்புளியில் முடிகிற வேலையை இழைப்புளியிலேயே முடியுங்கள். சுருள் விழும், தூசி பறக்காது.

மிச்சம் காற்றில் மிதப்பது. ஜன்னலில் ஃபேன் வைத்து வெளியே தள்ளலாமே என்று தோன்றும். மேல்மாடிக்காரர் மூங்கிலில் காயப்போட்ட துணிமேல்தான் அது போய்ப் படியும். வேலை நேரத்தில் அந்த அறை ஏர்கானை அணைத்து, மேலே பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். ஈரத் தகடுகளில் மரத்தூள் ஒட்டிக் குழம்பாகி வடிகால் குழாயை அடைக்கும், பிறகு சுவரில் தண்ணீர் சொட்டும். இரும்புக் கதவு இருக்கிறதே என்று புகலிட அறைக்குள் (குண்டுவீச்சில் பதுங்க வீட்டுக்குள் கட்டிய அறை) போய் வேலை செய்யாதீர்கள். அங்கே காற்று நகராது.

காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்று போதும். 3 × 3 மீட்டர் அறை, 2.6 மீட்டர் உயரம் என்றால் சுமார் 23 கன மீட்டர். மணிக்கு 400 கன மீட்டர் சுத்தம் செய்யும் கருவி அந்தக் காற்றை 17 தடவை வடிகட்டும். கதவிடுக்கில் பழைய துண்டை அடைத்து, வேலை முடிந்தபிறகும் ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள்.

அதுவரை முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள். கருவி நின்றதும் கழற்றிவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. கண்ணுக்குத் தெரியாத தூசி அப்போதுதான் மிதந்துகொண்டிருக்கும். புகைமூட்டத்துக்கு வாங்கிவைத்த என்95 போதும், தாடி இருந்தால் ஒட்டாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துவிட்டது. அறுவை மில்லுக்கு மட்டுமான சங்கதி அல்ல அது.

மின்சாரம்: 13 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு 2,990 வாட்தான். 1,200 வாட் வேக்குவத்தையும் 1,600 வாட் ரம்பத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டால் விளிம்பில் நிற்கும். ரம்பம் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரம் இந்தக் கணக்கில் வராது. தனித்தனி சாக்கெட்டில் போடுங்கள்.

தூளை இரண்டு பையில் கட்டிக் குப்பைக் குழாயில் போடுங்கள். அவிழ்த்துக் கொட்டினால் கீழ்வீட்டார் குழாயைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும். டேனிஷ் ஆயில் (மரத்துக்குப் பூசும் எண்ணெய்) துடைத்த துணி அந்தப் பையில் கூடாது, அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்துத் தனியாகக் கட்டுங்கள்.