கூரை ஒழுகுகிறது, ஹோல் கட்டக் கடன் எடுக்கலாமா?

கேள்வி: இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிறோம். இந்திய வீட்டுத்திட்டத்தில் 2013 இல் கட்டிய வீடு. மழைக்கு அறையும் குசினியும் ஒழுகுகின்றன. சிலாகையில் கறையான், யன்னல் மூலையில் வெடிப்பு. மகளுக்குச் சம்பந்தம் பேசுவதால் முன்னுக்கு ஒரு ஹோல் கட்டி, வீடு முழுக்க ரைல்ஸ் பதிக்க வேண்டும் என்று இவர் நிற்கிறார். கூரைக்கு மேசன் 180,000 ரூபா கேட்கிறார்; ஹோலுக்கும் ரைல்ஸுக்கும் 950,000. வங்கியில் நிலையான வைப்பு 350,000, சிறுபோக நெல் விற்ற காசு 200,000 இருக்கிறது. லாண்ட்மாஸ்ரரின் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்) பதிவுப் புத்தகத்தை ஈடு வைத்தால் ஒரு நிதி நிறுவனம் 600,000 தருமாம். 22 வீத வட்டி, மூன்று வருடம், மாதம் 27,667. காணி பெர்மிற் மாமியின் பெயரில். குசினிக்குப் பக்கத்தில் நிற்கும் தென்னையையும் பலாவையும் தறிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்? – வாசகி, கிளிநொச்சி மாவட்டம்

பதில்: சகோதரி, கூரை வேலையை நெல்லுக் காசில் இப்போதே தொடங்குங்கள். ஐப்பசி பிறந்துவிட்டால் மேசனும் கிடைக்கமாட்டார், ஓட்டைக் கழற்றவும் முடியாது. அந்த 600,000 வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதற்கு முதலில் வட்டியைப் பாருங்கள். மூன்று வருடத்தில் நீங்கள் கட்டப்போவது 996,000. வட்டி மட்டும் 396,000. அவர்கள் சொல்லும் 22 வீதம், முதல் நாள் வாங்கிய முழுத் தொகைக்கும் கடைசி மாதம் வரை போடுகிற வட்டி. 35ஆவது தவணை வரும்போது வாங்கிய முதலின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்திருப்பீர்கள். ஆனாலும் அந்த மாதமும் 11,000 ரூபா வட்டி போகும். இதே 22 வீதத்தை, குறைந்துவரும் மீதிக்கு மட்டும் ஒரு வங்கி கணக்கிட்டால் தவணை ஏறத்தாழ 22,900 தான் வரும். மூன்று வருடத்தில் வித்தியாசம் 170,000க்கு மேல். உங்கள் கூரைச் செலவு கிட்டத்தட்ட அதற்குள் அடங்கிவிடும். குறைந்துவரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால், அவர்கள் கேட்பது உண்மையில் வருடத்துக்கு 36 வீதத்தைத் தாண்டுகிறது. யார் கடன் தந்தாலும் “வட்டி எத்தனை வீதம்” என்பதோடு நிறுத்தாமல், “மீதிக்கா, முழுத்தொகைக்கா” என்றும் கேளுங்கள்.

வட்டியைவிட எனக்குப் பயம் தருவது தவணை வரும் மாதங்கள். உங்கள் வீட்டுக்குக் காசு வருவது மாரிக் காலபோகம் அறுத்த பிறகு, பிறகு கோடைச் சிறுபோகம் அறுத்த பிறகு. தவணை மாதாமாதம். இப்போது கையெழுத்து வைத்தால் காலபோக நெல் வீட்டுக்கு வரும் முன் ஆறு தவணை, 166,000 ரூபா கட்ட வேண்டும்; விதை, உழவு, உரம், எண்ணெய் என்று காசு வெளியே போகிற அதே மாதங்களில். அடுத்த சிறுபோகத்தை நம்பியும் கணக்குப் போட முடியாது. குளத்துத் தண்ணீரைப் பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று விவசாயிகள் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள், உங்கள் பங்கு எவ்வளவு வரும் என்பது அன்றுதான் தெரியும். தவணைகள் பிந்தினால் அவர்கள் கை வைப்பது லாண்ட்மாஸ்ரரில். உழைத்துத் தருகிற சாமானைக் கொண்டுபோய் ஹோலுக்கு ஈடு வைக்காதீர்கள்.

நெல்லுக் காசு கூரைக்குப் போனால் காலபோகச் செலவுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். வைப்பை முறிக்க வேண்டாம்; வைப்புக் காலம் முடியும் முன் முறித்தால் வட்டியைக் குறைத்துத்தான் தருவார்கள். அதே வங்கியில் வைப்பின் மேல் கடன் கேளுங்கள். பொதுவாக வைப்பு வட்டியைவிடச் சில வீதமே கூடுதலாக எடுப்பார்கள், பிணையாள் தேடி அலையவும் தேவையில்லை. தேவையான அளவுக்கு மட்டும் எடுத்து, அறுவடை முடிந்ததும் ஒரே தடவையில் அடையுங்கள்.

180,000 என்பதையும் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டாம். ஓடு, மரம், கூலி, கறையான் மருந்து என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஒழுகுகிற வீடுகள் பலவற்றுக்குக் குரங்கு பாய்ந்து விலகின ஓடும், முகட்டோட்டுச் சாந்து வெடித்ததுமே காரணம். உங்களுடையதும் அப்படியென்றால் முழுக் கூரையையும் பிரிக்கத் தேவை வராது. மரத்தை ஒரு ஸ்குறூட்றைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போகிற சிலாகையையும் கைமரத்தையும் மட்டும் மாற்றலாம். வீட்டுத்திட்டத்தில் தந்த 550,000 காணாமல், கையில் அகப்பட்ட மரத்தைப் போட்டுக் கூரையை முடித்த வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. உங்களுடையதும் அப்படியென்றால் இந்தமுறை வைரமான பனஞ்சிலாகை போடுங்கள். முதிரை, பாலை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் முதலில் அனுமதிப்பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். அது இல்லாத மரம் வீடு வந்து சேராது, காசும் திரும்பி வராது. சுவரில் ஏறும் கறையான் மண்வரியை மட்டும் தட்டிவிட்டால் கறையான் நாலு நாளில் திரும்ப வரும். சுவர் நிலத்தோடு சேருகிற இடத்துக்கு மருந்து அடிக்கப்பட வேண்டும்.

மிச்சம் பிடிக்கிற காசில் பீலி போடுங்கள். கூரைத் தண்ணீர் சுவரடியில் விழுந்து அத்திவாரத்தை ஊறவைத்தால் வெடிப்பு பெருக்கும். இப்போதுள்ள வெடிப்பின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதிவிடுங்கள். மாரி முடிந்து தை மாதம் பாருங்கள். கோட்டைத் தாண்டாவிட்டால் பூசி மறைக்கலாம். தாண்டியிருந்தால் அத்திவாரத்தைப் பார்க்காமல் பூச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள். அதுவரை ரைல்ஸும் வேண்டாம். அசைகிற வீட்டில் பதித்த ரைல்ஸ் வெடிக்கும்.

இனி ஹோல். நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன பெர்மிற்தான் இங்கே பெரிய விடயம். அரச காணி அனுமதிப்பத்திரம் மாமியின் பெயரில் இருக்கும்வரை நீங்கள் கட்டுகிற ஒவ்வொரு கல்லும் அவருடைய காணியில்தான் நிற்கிறது. அவருக்குப் பிறகு காணி யாருக்கு என்பது, பிரதேச செயலகத்தில் அவர் பின்னுரித்தாளராக யாரைப் பதிந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. உங்கள் கணவர் பெயரா, மச்சாள் ஒருவரின் பெயரா, ஒன்றும் பதியவில்லையா? மாமி நடமாடுகிற காலத்திலேயே அவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிடுங்கள். மச்சாள்மாருக்கும் சொல்லிவிட்டுப் போவது நல்லது, பிறகு கதை வளராது. ஒழுகாத கூரை இன்று அதன்கீழ் படுக்கிற எல்லோருக்கும் வேண்டும், அதற்கு யார் பெயர் என்று பார்க்க வேண்டியதில்லை. ஆனால் 950,000 ரூபாவை வேறொருவர் பெயரில் உள்ள காணியில் போடும் முன் இது தெளிவாக வேண்டும்.

சம்பந்தம் பேச வருகிறவர்களுக்குப் பந்தலும் கதிரையும் வாடகைக்கு எடுக்கலாம். இதை உங்கள் வீட்டுக்காரருக்கு நீங்களே சொல்லுங்கள், நான் சொன்னதாக வேண்டாம்.

தென்னை நேராக நின்றால் தறிக்காதீர்கள். முற்றி விழ விடாமல் தேங்காயைப் பறித்து, காய்ந்த ஓலையை இறக்கினால் ஓடு தப்பும். இன்றைய தேங்காய் விலையில் பறிகூலி ஒரு செலவே இல்லை. குசினிப் பக்கம் சாய்ந்து நின்றால் மாரிக் காற்றுக்கு முன் தறித்துவிடுங்கள். பலாவில் கூரைக்கு மேலே வந்த கொப்புகளை மட்டும் வெட்டினால் போதும் என்று நினைக்கிறேன். முழு மரத்தையும் தறிப்பதென்றால், வளவுக்குள் நின்றாலும் பலாவுக்கு அனுமதி எடுக்க வேண்டும். ஈரப்பலாவுக்கும் பெண் பனைக்கும் அப்படித்தான். அதுவும் பிரதேச செயலக வேலைதான், மாமியோடு போகிற அன்றே கேட்டுவிடுங்கள்.