பத்தே முக்கால் மணிச் சத்தம்

அன்புள்ள ஐயாவுக்கு,

தூக்கம் பற்றிய கட்டுரையில் அமுக்குவான் பேயைப் பற்றி எழுதியிருந்தீர்கள். விழிப்பு வந்தும் உடம்பை அசைக்க முடியாமல், நெஞ்சின்மேல் யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் இருப்பது பேயும் இல்லை, பைத்தியமும் இல்லை என்று படித்த பிறகுதான் இதை எழுதும் தைரியம் வந்தது.

என் கணவர் தவறி ஏழு மாதம் ஆகிறது. ஜவுளிக்கடையில் வேலை. 26 வருடமாகக் கடை அடைத்துவிட்டு இரவு பத்தே முக்காலுக்கு வீட்டுக்கு வருவார். கேட் கொண்டியைத் தூக்கிப் போடுகிற சத்தம் கேட்கும், அப்புறம் வாசல்படியில் செருப்பைத் தட்டுகிற சத்தம். இப்போதும் அது கேட்கிறது. வாரத்தில் இரண்டு மூன்று நாள். ஆரம்பத்தில் எழுந்து போய்ப் பார்ப்பேன், கேட் பூட்டியபடியே இருக்கும். இப்போது போவதில்லை. படுத்தபடியே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருநாள் கேட்காவிட்டால் மனசு ஏங்குகிறது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

மகளிடம் சொன்னால் உடனே மனநல டாக்டரிடம் கூட்டிப்போவாள். மாமியாரிடம் சொன்னால் கோடாங்கியை வரவழைப்பார். அவருக்கு 78 வயது, ஹாலில்தான் படுக்கிறார். பதினோரு மணிக்கு முன்னால் உள்தாழ்ப்பாள் போட விடமாட்டார், அதற்கே எங்களுக்குள் பாதி நாள் சண்டை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் புத்தி பேதலிக்கிறதா?

எஸ். (பெயரும் ஊரும் போட வேண்டாம்)

*

அன்புள்ள எஸ்,

உங்களுக்குப் புத்தி பேதலிக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் டெவி ரீஸ் என்று ஒரு டாக்டர் இருந்தார். தன் பகுதியில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரைத் தேடிப்போய்ப் பேசினார். இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல் எப்போதாவது தோன்றியதுண்டா, கண்ணில் தெரிந்ததுண்டா, குரல் கேட்டதுண்டா என்று விசாரித்தார். 137 பேர் உண்டு என்றார்கள். கிட்டத்தட்டப் பாதி. 'இங்கேதான் இருக்கிறார்' என்ற உணர்வுதான் அதிகம் பேருக்கு. 100க்கு 14 பேர் கண்ணால் பார்த்திருந்தார்கள், 13 பேர் காதால் கேட்டிருந்தார்கள். நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்தவர்களிடமும் சந்தோஷமாகக் குடும்பம் நடத்தியவர்களிடமும் இது கூடுதலாக இருந்தது. பெரும்பாலானவர்களுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கிறது. இதெல்லாம் 1971ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஆகவே, சத்தம் கேட்பதற்கும் பயப்பட வேண்டாம், கேட்காத நாளில் ஏங்குவதற்கும் பயப்பட வேண்டாம்.

அந்தக் கட்டுரையில் என் மனசைத் தைத்தது வேறொரு விஷயம். அந்த 137 பேரில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர், ரீஸ் வந்து கேட்கும்வரை அதை ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை. உங்களைப் போலவே.

சரி, இல்லாத சத்தம் எப்படிக் கேட்கிறது? வீட்டில் கோடு போட்ட நோட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே கோட்டின்மேல் எட்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு பொட்டு வையுங்கள். இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் இடதுபக்கப் பொட்டை மட்டும் பாருங்கள். நோட்டை மெதுவாக முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். ஏறக்குறைய ஓர் அடி தூரத்தில், பார்வையை நகர்த்தாமல் இருந்தால், வலதுபக்கப் பொட்டு காணாமல் போய்விடும். கண்ணிலிருந்து நரம்பு வெளியேறும் இடத்தில் வெளிச்சத்தை உணரும் செல்கள் கிடையாது. பிரான்ஸைச் சேர்ந்த மரியாட் 1660களிலேயே கண்டுபிடித்துச் சொன்னது இது. ஆனால் பொட்டு மறைந்த இடத்தை உற்றுக் கவனியுங்கள். அங்கே ஓட்டை தெரியாது. கோடு விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் கண் எதையுமே பார்க்கவில்லை, கோட்டைப் போட்டுக் கொடுத்தது மூளை. பிறந்த நாளிலிருந்து நாம் எல்லோரும் இப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

காதும் அப்படித்தான், தோலும் அப்படித்தான். சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்ததுபோல் இருக்கும், எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் ஊழியர்களிடம் விசாரித்து 2010ல் வெளியிட்டார்கள்: 100க்கு 68 பேருக்கு இப்படி நடந்திருந்தது. அவர்களுக்கெல்லாம் அழைப்பு வருமோ வருமோ என்று எந்நேரமும் காத்திருக்கிற வேலை. வெகுநாள் காத்திருந்த உடம்பு, சட்டைத் துணி உரசினால்கூட அதை அழைப்பாக எடுத்துக்கொள்கிறது.

நீங்கள் 26 வருடம் காத்திருந்திருக்கிறீர்கள். கிட்டத்தட்ட 9000 இரவுகள். பத்தரை தாண்டியதும் உங்கள் காது தானாக வாசல் பக்கம் திரும்பிவிடும், அதை நிறுத்தச் சொல்லி யாரும் அதற்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பாத்திரமோ, ஃப்ரிட்ஜ் மோட்டார் நிற்கும்போது வருகிற சின்ன 'டக்'கோ போதும். கொண்டிச் சத்தமும் செருப்புச் சத்தமும் வரிசை மாறாமல் வந்துவிடும். ஒரு சத்தமும் இல்லாமலேகூட வரலாம். அதுவும் நீங்கள் படுத்திருக்கிற நேரம், தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரம். கனவின் ஓரம் விழிப்புக்குள் வழிகிற அந்தச் சில நிமிடங்களில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், காலிங்பெல் அடிப்பதும், யாரோ நடப்பதும் ஆரோக்கியமான மனிதர்களுக்கும் கேட்கும்.

'ராத்திரி வெளியிலிருந்து யாராவது கூப்பிட்டால் முதல் தடவையே பதில் சொல்லாதே, மூணு தடவை கூப்பிட்டாத்தான் ஏன்னு கேக்கணும்' என்று சின்ன வயதில் உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். பேய்க்குப் பயந்து சொன்னது என்றுதான் நானும் வெகுகாலம் நினைத்தேன். இப்போது எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. கூப்பிடாத குரல் கேட்பது வீட்டுக்கு வீடு சகஜமாக இருந்திருக்கிறது, அதனால்தான் அதற்கு ஒரு விதியே தேவைப்பட்டிருக்கிறது.

என் அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைசி மூன்று வருடம் அவருக்கு இரண்டு கண்ணிலும் பார்வை மங்கி, எதிரே நிற்பவர் யார் என்று குரலை வைத்துத்தான் தெரியும். அப்போதுதான் முற்றத்தில் பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். நாலைந்து பெண் பிள்ளைகள், சிவப்புப் பாவாடை, வரிசையாக உட்கார்ந்து பூக் கட்டுவார்கள். "மனுசங்க மூஞ்சி தெரியல, ஆனா இதுக பாவாடைச் சரிகை பளிச்சுனு தெரியுது" என்பார். சத்தம் கிடையாது. ஒருநாள் ஒரு புளியங்கொட்டையை எடுத்து அவர்கள்மேல் எறிந்து பார்த்தாராம். ஒன்றுகூடத் திரும்பவில்லை. "அப்ப இதுக நெசமில்ல" என்று எங்களிடம் அவரே சொன்னார்.

இவ்வளவு தெளிவாக இருந்தவரை நாங்கள் நம்பவில்லை. கோடாங்கி வந்தார், உடுக்கை அடித்தார், அப்பத்தாவின் தலையில் வேப்பிலையால் தட்டினார். பாதி ராத்திரி வரை நடந்தது. மறுநாளிலிருந்து அப்பத்தா பிள்ளைகளைப் பற்றிப் பேசவில்லை. சரியாகிவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்பட்டார்கள். ஒரு சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முறுக்குத் தட்டை எடுத்து முற்றத்துப் பக்கம் நீட்டினார். நான் அசைந்த சத்தம் கேட்டதும் கையை வெடுக்கென்று இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஒரு முறுக்கை எடுத்து என்னிடம் கொடுத்து, "உனக்குத்தான்" என்றார். கை நடுங்கியது. அப்போது எனக்கு வயது 14. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அவர் போய்ப் பல வருடம் கழித்துத்தான் சார்லஸ் போனே என்ற பெயரைப் படித்தேன். ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை அறிஞர். 90 வயதை நெருங்கிய அவருடைய தாத்தா சார்லஸ் லூலனுக்குக் கண்புரையால் பார்வை போய்க்கொண்டிருந்தது. மனிதர்களையும் பறவைகளையும் கட்டடங்களையும் பார்த்தார், அவை நிஜமில்லை என்று தெரிந்தே பார்த்தார். பேரன் அதைக் கேட்டு, 1760ல் தன் நூலில் எழுதிவைத்தார். கண்ணிலிருந்து தகவல் வருவது குறைந்தால், பார்ப்பதற்கென்று இருக்கிற மூளைப் பகுதி சும்மா இருப்பதில்லை, தானே வேலை செய்ய ஆரம்பிக்கிறது. 1998ல் லண்டனில் டொமினிக் ஃபிட்ச் குழுவினர் இப்படிப்பட்டவர்களின் மூளையை ஸ்கேனில் பார்த்தார்கள். இல்லாத முகம் தெரியும்போது முகங்களை அறிகிற பகுதியும், இல்லாத நிறம் தெரியும்போது நிறங்களை அறிகிற பகுதியும் இயங்கின. அப்பத்தா சொன்ன சரிகை அவருக்கு உண்மையாகவே பளிச்சென்று தெரிந்திருக்கிறது. லூலனுக்குக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு பேரன் இருந்தான். என் அப்பத்தாவின் பக்கத்திலும் ஒரு பேரன் உட்கார்ந்திருந்தான், அவன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 'இன்னைக்கு என்ன பூ கட்டுறாங்க அப்பத்தா?' என்று கேட்டிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

டாக்டர் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குரல் உங்களைத் திட்டினாலோ, இதைச் செய் அதைச் செய் என்று ஏவினாலோ, கேட் பூட்டியிருப்பதைப் பார்த்த பிறகும் அவர் வந்துவிட்டார் என்றே நம்பத் தொடங்கினாலோ, வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல் போனாலோ கட்டாயம் போக வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வயதானவர்கள் திடீரென்று ஒரே நாளில் இல்லாததைப் பார்த்துக் குழம்பிப் பேசினால் காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். கண்ணுக்குள் மின்னல் வெட்டி, ஓரத்தில் திரை விழுந்ததுபோல் தெரிந்தால் அது விழித்திரை விஷயம், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. உங்கள் கடிதத்தில் இது எதுவும் இல்லை. எழுந்து போய்ப் பார்த்தீர்கள், கேட் பூட்டியிருந்தது, புரிந்துகொண்டீர்கள். அப்பத்தா புளியங்கொட்டை எறிந்ததும் இதுவும் ஒன்றுதான்.

மகளிடம் சொல்லுங்கள். தயக்கமாக இருந்தால் இந்தப் பதிலையே படிக்கக் கொடுங்கள்.

அப்புறம் உங்கள் மாமியார். கோடாங்கியைக் கூப்பிடுவார் என்று பயப்படுகிறீர்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது ஒரு வரியில் நின்றுவிட்டேன். அவரும் அந்த வீட்டில் மகன் வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்தவர். உங்களைவிட வாசலுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறார். இன்றைக்கும் பதினோரு மணிக்கு முன்னால் உள்தாழ்ப்பாள் போட விடமாட்டேன் என்கிறார். இன்று இரவு பத்தே முக்காலுக்கு ஹாலுக்குப் போய் அவர் பக்கத்தில் உட்காருங்கள். அவருக்கும் கேட்கிறதா என்று கேளுங்கள்.