பயணம் முடிந்து மிஞ்சிய வெளிநாட்டுச் சில்லறையை என்ன செய்வது?

நாணயமாற்று என்றால் வேறொன்றுமில்லை, ஒரு நாட்டுக் காசைக் கொடுத்து இன்னொரு நாட்டுக் காசை வாங்குவதுதான். ஆனால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ வங்கியில் கேட்டுப் பாருங்கள், நோட்டை எடுப்பார்கள், குத்திக்காசை எடுக்க மாட்டார்கள். வாங்கியதை அவர்கள் திரும்ப விற்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நாட்டுக்கே அனுப்ப வேண்டும்; குத்திக்காசோ பாரம் கூட, பெறுமதி குறைவு. ஒரு கூடை கொழுந்துக்காகத் தோட்டத்து லொறியை பெக்டரிக்கு அனுப்பினால் டீசல் செலவுக்கே காணாது, அதே கணக்குத்தான்.

அதனால் அங்கேயே தீர்த்துவிடுவது நல்லது. விமான நிலையக் கடையில் சில்லறையை முதலில் கொடுத்து மீதியைக் கார்டில் கட்டலாமா என்று கேளுங்கள், பல இடங்களில் சரி என்பார்கள். யுனிசெஃப்புக்காக 1987 முதல் சில விமான நிறுவனங்கள் பயணிகளிடம் சில்லறை சேர்க்கின்றன, எனக்குப் பிடித்த வழி அது. வீட்டுக்கே வந்துவிட்டதா? கோப்பிக் கெண்டி பொறித்த ஒரு திர்ஹம் காசு என்றால் அடுத்து துபாய்க்கு வேலைக்குப் போகிற பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள், போய் இறங்கியதும் தண்ணீர்ப் போத்தல் வாங்கவாவது உதவும்.

அப்புறம், இங்கே வங்கி எடுக்கவில்லை என்பதற்காக அது செல்லாக்காசு ஆகிவிடாது, சொந்த நாட்டில் அதற்கு முழுப் பெறுமதி உண்டு. 2017 ஒக்டோபரில் நிறுத்தப்பட்ட பிரிட்டனின் பழைய வட்ட ஒரு பவுண் போன்றவற்றைத்தான் அங்குள்ள கடைகளும் எடுக்காது.